ஆட்டம் இல்லாத மாதம்

ஹனோய்: ஹாங் டே வாசல்

கால்பந்துக்காக ஒரு ஊருக்குப் போய், மைதானத்தில் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமல் திரும்பியவன் நான். தப்பு என்னுடையதுதான். அந்த வருஷம் வியட்நாமின் வி-லீக் ஜூன் கடைசியில் முடிந்துவிட்டது, அடுத்த சீசன் ஆகஸ்ட் நடுவில்தான் தொடங்க இருந்தது. அதைப் பார்க்காமல் 2025 ஜூலையில் போய் இறங்கினேன். ஹனோயின் ஹாங் டே மைதானத்து வாசலில் பூட்டு தொங்கியது. காவலாளி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு விசிறியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதிர்ப்பக்க நடைபாதையில், முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகளைப் போட்டு ஒரு அம்மாள் ஐஸ் டீ விற்றுக்கொண்டிருந்தார். அந்த டீயில் பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. வெளிறிய பச்சைத் தேயிலைத் தண்ணீரில் ஐஸ் கட்டி, அவ்வளவுதான். நம்மூர் டீக்கடைக்காரர் இதை டீ என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார். ஆனால் ஜூலை மாத ஹனோயின் புழுக்கத்தில் மூன்று கிளாஸ் குடித்த பிறகு எனக்கு அதன் மேல் மரியாதை வந்துவிட்டது.

கைபேசியின் மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். இந்த மைதானத்தில் ஹனோய் கிளப்பும் ராணுவத்தின் அணியும் ஆடியிருக்கின்றன. ராணுவ அணிக்கு தெ கோங் என்று பெயர். 1954-ல் தொடங்கிய பெரிய பரம்பரை அது. 2009-ல் அந்தப் பெயர் காணாமல் போனது. 2023-ல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. இதைச் சொல்லும்போது அம்மாள், தொலைந்த ஆடு வீடு திரும்பிய மாதிரிச் சிரித்தார்.

எந்த அணி வரும் நாளில் வியாபாரம் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. நாம் டின்!

90 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மோட்டார் சைக்கிள்களில் அணிவகுத்து வருவார்களாம். மேளம், கொடி, தலையில் கட்டிய துணி. ஆட்டம் தொடங்க மூன்று மணி நேரம் இருக்கும்போதே இந்தத் தெரு அவர்கள் கைக்குப் போய்விடும். 2019 செப்டம்பரில் அவர்கள் பக்கத்திலிருந்து யாரோ விட்ட தீப்பந்து மைதானத்தைத் தாண்டிப் பறந்து எதிர்ப்பக்க கேலரியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் காலைப் பதம் பார்த்தது. அம்மாள் தன் தொடையில் கையை வைத்து எவ்வளவு பெரிய காயம் என்று காட்டினார். பிறகு கைபேசியில் ஏதோ சொன்னார். "பைத்தியக்காரர்கள்" என்று அது மொழிபெயர்த்தது. அவர் குரலில் இருந்த வாஞ்சையை அதற்கு மொழிபெயர்க்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை நாம் டின்னுக்கு ரயில் ஏறினேன்.

ரயிலில்: ஃபூ லி தாண்டி

வியட்நாமில் கால்பந்துக்கும் ரயிலுக்கும் பழைய உறவு உண்டு. 1980-ல் நாட்டின் முதல் தேசிய லீக் நடந்தபோது பட்டம் வென்றது ரயில்வே துறையின் அணிதான். அன்றைக்குப் பெரும்பாலான அணிகள் ஏதாவது ஒரு துறையின் பிள்ளைகள். ராணுவம், போலீஸ், சுங்கம், சைகோன் துறைமுகம், ஹாய்ஃபோங் துறைமுகம் என்று ஆளுக்கொரு அணி இருந்தது. ரயில்வே அணி இப்போது இல்லை. ரயில் மட்டும் அதே அவசரமில்லாத வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதிர் இருக்கையில் கணக்கியல் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி, வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நன்றாக ஆங்கிலம் பேசினாள். ஐந்து நிமிடத்தில் என் வயதைக் கேட்டுவிட்டாள். அது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. வயது தெரியாமல் வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது. 'நீ', 'நான்' என்று பொதுவாகச் சொல்லும் வழக்கம் மிகக் குறைவு. எதிரில் இருப்பவர் அண்ணனா, அக்காவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று முடிவு செய்துகொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். பஸ் கண்டக்டரை அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்தவனுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை. என் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்து என்னைச் 'சூ' ஆக்கினாள். அப்பாவின் தம்பி, அதாவது சித்தப்பா.

"உன் ஊர் எது?"

"நாம் டின்" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்லை, நின் பின். ரெண்டு வாரமாக."

விஷயம் இதுதான். 2025 ஜூலை 1-ஆம் தேதி வியட்நாம் தன் 63 மாகாணங்களையும் மாநகரங்களையும் 34 ஆகச் சுருக்கியது. நாம் டின், ஹா நாம், நின் பின் ஆகிய மூன்று மாகாணங்களும் ஒன்றாகி, மூன்றுக்கும் நின் பின் என்ற பெயரே நிலைத்தது. நடுவில் இருந்த மாவட்டம், நகரம் என்ற அடுக்கையும் எடுத்துவிட்டார்கள். 1921-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆணை போட்டு உண்டாக்கிய நாம் டின் நகரம் வார்டுகளாகப் பிரிந்துபோனது. அந்த வார்டுகளில் ஒன்றுக்கு மட்டும் பழைய பெயர். அவ்வளவு பெரிய ஊர், ஒரு வார்டின் பலகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நாம் என்றால் அவர்கள் மொழியில் தெற்கு. என் காதில் அது தெற்காக விழுமா? 'நாம்' போய் 'நின்' வந்திருக்கிறது என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவளிடம் இதை விளக்க முயன்று பாதியில் கைவிட்டேன்.

"எங்க அப்பா 1972-ல பிறந்தாங்க. அப்போ நாம் ஹா மாகாணம். பள்ளிக்கூடம் போனது ஹா நாம் நின் மாகாணம். கல்யாணம் ஆனப்ப திரும்பவும் நாம் ஹா. நான் பிறந்தது நாம் டின்ல. இப்போ நின் பின்." விரல்களை மடக்கி எண்ணிக் காட்டினாள். "நாலு தடவை மாறியாச்சு சித்தப்பா. வீடு மட்டும் மாறவே இல்லை."

அவள் கேலியாகச் சொன்னதில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நாம் டின் கால்பந்து அணி நாட்டின் பட்டத்தை முதன்முதலில் வென்றது 1985-ல். அப்போது அதன் பெயர் கோங் ஙியெப் ஹா நாம் நின். அதாவது 'ஹா நாம் நின் தொழில்துறை'. மூன்று மாகாணங்களும் ஒன்றாக இருந்த காலம் அது. மாகாணம் பிரிந்துவிட்ட பிறகு, முதல் பட்டத்துக்கு 39 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில் இரண்டாவது பட்டம். 2025 ஜூனில் மூன்றாவது. கோப்பையைத் தூக்கிய கை இறங்குவதற்குள் மாகாணம் மறுபடியும் ஒன்றாகிவிட்டது. ஊர்ப்பெயரை முழுசாகச் சுமந்துகொண்டு நாடு முழுக்கப் போய்வருவது இனி அந்த அணி ஒன்றுதான் என்று தோன்றியது.

ஃபூ லி தாண்டியதும் வயல்கள் விரிந்தன. ஜூலை நடவுக்காலம். கூம்புத் தொப்பிகள் வரிசையாகக் குனிந்து நிமிர்ந்தன. வயலுக்கு நடுவே கல்லறைகள். தாத்தா, பாட்டி, அவர்களுடைய தாத்தா எல்லோரும் உழுத நிலத்திலேயே குடும்பத்தோடு படுத்திருக்கிறார்கள். நாற்று அவர்கள் காலடி வரை நட்டிருக்கிறது. தூரத்தில் தென்னைக்குப் பதிலாக தேவாலயக் கோபுரங்கள். ஒன்று மறைவதற்குள் அடுத்தது எழும்பி வந்தது.

நாம் டின்: ஆலை இருந்த தெரு

மாணவியின் அப்பா மோட்டார் சைக்கிளோடு நிலைய வாசலில் நின்றிருந்தார். கைகுலுக்கிய அடுத்த நிமிடம் கேட்ட கேள்வி, "சாப்பிட்டாச்சா?" பதிலுக்குக் காத்திருக்காமல் ஃபோ கடைக்குக் கூட்டிப்போனார்.

ஃபோ பிறந்தது இங்கேதான் என்று நாம் டின்காரர்கள் அடித்துச் சொல்வார்கள், ஹனோய்க்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. பக்கத்து வான் கூ கிராமத்தைச் சேர்ந்த கோ குலத்தார் தலைமுறை தலைமுறையாக ஃபோ செய்பவர்கள். தோளில் காவடி மாதிரிப் பாத்திரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஹனோய்த் தெருக்களுக்கு அதைக் கொண்டுபோனவர்களும் அவர்கள்தான். இன்றைக்கும் ஹனோயில் 'ஃபோ கோ' என்ற பலகையைப் பார்க்கலாம். ஹனோய் ஃபோவின் ரசம் தெளிந்தது, அடக்கமானது. நாம் டின் ஃபோவில் மீன்சாற்றின் வாசனை முன்னால் வந்து நிற்கிறது. மெல்லிய அரிசிப் பட்டைகள், மேலே மாட்டிறைச்சித் துண்டுகள், கைப்பிடி வெங்காயத்தாள். ஆலைத் தொழிலாளியின் காலைப் பசிக்கு அடக்கம் எதற்கு? உள்ளங்கை அளவு சியூ பாவ் ரொட்டியும் வாங்கித் தந்தார். உள்ளே பன்றி இறைச்சியும் பூண்டும் வைத்துச் சுட்டது, சீனர்கள் விட்டுப்போன பண்டம்.

ஆலை என்றேன். நாம் டின்னைச் சொன்னால் கால்பந்துக்கு முன்னால் நெசவாலையைச் சொல்ல வேண்டும். 1889-ல் சிறிய பட்டறையாகத் தொடங்கி, 1900-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறி, இந்தோசீனாவின் மிகப் பெரிய நெசவாலைகளில் ஒன்றாக வளர்ந்தது. நாம் டின்னை 'நெசவு நகரம்' என்றே வியட்நாம்காரர்கள் சொல்வார்கள். நான் கோயம்புத்தூர்க்காரன். மில் சங்கு ஊதுவதை வைத்து நேரம் சொன்ன தெருவில் வளர்ந்தவன். ஆகவே மாணவியின் தாத்தா, "எங்கள் ஆலையின் சங்குதான் ஊருக்கே கடிகாரம்" என்று சொன்னபோது, மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே அவர் கை மேலே போய்க் காட்டிய விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

தாத்தாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. தறி ஓட்டியவர். காது மந்தம். அந்தத் தொழிலில் காது தப்பித்தவர்கள் குறைவு, எங்கள் ஊரிலும் அப்படித்தான். அமெரிக்கப் போரின்போது நகரத்தின் மேல் குண்டு விழுந்தது. 1966 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஹாரிசன் சாலிஸ்பரி இந்தத் தெருக்களில் நடந்து, இடிந்த வீடுகளைப் பார்த்து எழுதியது அமெரிக்காவில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. தறிகளைப் பிரித்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோய் அங்கே நெய்தார்கள். அந்தக் கதையைச் சொல்லும்போது தாத்தாவின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

1985-ஐக் கேட்டதும் ஆள் மாறிவிட்டார்.

அது கூப்பன் காலம். அரிசிக்குக் கூப்பன், மீன்சாற்றுக்குக் கூப்பன், துணிக்கும் கூப்பன். நாள் முழுக்க துணி நெய்பவன் தன் பிள்ளைக்குச் சட்டைத்துணி வாங்க வரிசையில் நிற்க வேண்டும். அந்த வருஷம்தான் 'தொழில்துறை' அணி பட்டம் அடித்தது. பயிற்சியாளர் நின் வான் பாவ். முன்னால் நின்று கோல் அடித்தவர் நுயென் வான் சுங். தாத்தா அன்று இரவு ஷிப்ட். செய்தி எப்படித் தறிக்கூடத்துக்குள் வந்தது என்று அவருக்கு நினைவில்லை. தறிச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. வாயசைவிலேயே செய்தி வரிசை வரிசையாகப் போய்ச் சேர்ந்ததாம். ஆளாளுக்கு வாயைத் திறந்து கத்துவது தெரிகிறது, குரல் கேட்கவில்லை. அதைச் செய்து காட்டினார். எண்பது வயதுக் கிழவர் சத்தமில்லாமல் கத்திக் காட்டியதைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

ஆலை இப்போது அங்கே இல்லை. இயந்திரங்களை ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்கு மாற்றிவிட்டு, பழைய கூடங்களை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் வீட்டு மனைகள். தாத்தா என்னோடு தெருமுனை வரை வந்தார். புதிய கட்டடங்களின் பக்கம் திரும்பவில்லை.

நாம் டின்: பெயர்ப் பலகைகள்

2000-ல் தொடங்கிய சீசனோடு வியட்நாம் கால்பந்து தொழில்முறைக்கு மாறியது. அந்த முதல் சீசனிலேயே நாம் டின் இரண்டாவது இடம். 2004-லும் இரண்டாவது. 2007-ல் தேசியக் கோப்பை. பட்டம் மட்டும் கைக்கு எட்டவில்லை. 2010-ல் முதல் பிரிவிலிருந்தே விழுந்து, கீழ்ப்பிரிவுகளில் கிடந்து, 2018-ல்தான் மேலே ஏறி வந்தது.

இதற்கிடையே பெயருக்கு முன்னால் ஒட்டியவற்றைச் சொன்னால் ஒரு கடைத்தெரு மாதிரி இருக்கும். அணையும் பாலமும் கட்டும் சோங் டா வந்தது. மிகாடோ வந்தது. யூரியா விற்கும் ஃபூ மி வந்தது. ஒரு காலத்தில் இந்த அணியின் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஃபூ மி உரம் நாம் டின்'. அப்புறம் ஒரு மருந்துக் கம்பெனி. இப்போது 'தெப் சான்', அதாவது பச்சை எஃகு. ஸ்பான்சர் பெயரை அணிப் பெயரோடு சேர்த்துக் கட்டுவது அங்கே சாதாரணம். நம் பக்கத்துக் கிரிக்கெட்டில் கோப்பைக்குக் கம்பெனி பெயர் வைப்பார்கள்; அங்கே அணிக்கே வைத்துவிடுகிறார்கள்.

அணியை நடத்தும் பணக்காரருக்கு 'பாவ்' என்று பட்டப்பெயர். நாடகக் கம்பெனி முதலாளிகளைச் சொன்ன பழைய சொல் அது. மலைநாட்டு ப்ளெய்கூவில் ஹோவாங் ஆன் கியா லாய் அணியை எடுத்து, தாய்லாந்து நட்சத்திரம் கியாதிசாக்கைக் கொண்டுவந்து இறக்கி, 2003-லும் 2004-லும் பட்டம் வென்ற தோவான் நுயென் டுக்கை, நாடு முழுக்க 'பாவ் டுக்' என்றுதான் சொல்கிறது. சொல் பொருத்தமாகத்தான் இருக்கிறது. முதலாளிக்கு அலுத்துவிட்டால் கூத்து முடிந்தது. ஊர் ஊராக அப்படி மறைந்துபோன அணிகளின் பட்டியல் நீளமானது. நாம் டின் தப்பித்ததற்குக் காரணம் எந்த முதலாளியும் அல்ல, கேலரிதான் என்று மாணவியின் அப்பா சொன்னார். அவர் ரசிகர், அப்படித்தான் சொல்வார். ஆனாலும் மறுக்க எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

மருந்துக் கம்பெனி பற்றி ஒரு வார்த்தை. அதன் பெயரிலேயே 'நாம் ஹா' இருக்கிறது. மாகாணம் என்றோ கலைந்துவிட்டது; இருமல் மருந்து பாட்டிலின் மேல் மட்டும் இன்னும் இருக்கிறது.

தியென் ட்ருவோங் மைதானம்

சாயங்காலம் வெயில் தணிந்த பிறகு மைதானத்துக்குப் போனோம். வாசல் இங்கேயும் பூட்டித்தான் இருந்தது. ஆனால் வெளிச்சுற்று முழுக்க கூட்டம். வயதானவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். பெண்கள் ஒரு ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு வரிசையாக நடனப் பயிற்சி செய்கிறார்கள். வலை இல்லாமலே இறகுப்பந்து. ஆட்டம் இல்லாத நாளிலும் இந்த ஊருக்கு வந்து நிற்க ஒரு இடம் வேண்டியிருக்கிறது, அது இதுவாக இருக்கிறது.

பழைய பெயர் சுவா குவோய் மைதானம். 2003-ல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி வந்தபோது எடுத்துக் கட்டி, தியென் ட்ருவோங் என்று பெயர் மாற்றினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியர்களை மூன்று முறை திருப்பி அனுப்பிய ட்ரான் மன்னர்களின் சொந்த ஊர் இது. மகனுக்குப் பட்டம் கட்டிவிட்டு, 'மேலரசர்' என்ற பட்டத்தோடு ஓய்வாக வந்து தங்க அவர்கள் வைத்திருந்த அரண்மனையின் பெயர்தான் தியென் ட்ருவோங். பக்கத்திலேயே அவர்களுடைய கோயில். புத்தாண்டு முடிந்த முதல் பௌர்ணமிக்கு முந்தைய இரவில் அரச முத்திரை பதித்த தாளை வாங்க அங்கே மோதும் கூட்டமும் பேர்போனது. ஓய்வுபெற்ற ராஜாக்களின் அரண்மனைப் பெயரை, நாட்டிலேயே அதிகக் கூச்சல் எழும் மைதானங்களில் ஒன்றுக்கு வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கும்.

இந்த மைதானத்தைப் பத்திரிகைகள் எழுதும் சொல் 'சாவ் லுவா'. மாணவி அதை "நெருப்புச் சட்டி" என்று மொழிபெயர்த்தாள். தீச்சட்டி என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். கையில் சட்டியோடு கூட்டத்துக்கு நடுவே வேப்பிலையும் மேளமுமாகப் போகிற ஒரு பெண் கண்ணில் வந்துபோனாள். ஆட்டம் பார்க்காமலே அந்தக் கேலரி எனக்குப் பாதி புரிந்த மாதிரி இருந்தது.

அப்பா கதவின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே காட்டிச் சொன்னார். அது அவருடைய இடம், இடப்பக்கம், மேலே. 2020 மே 23. கொரோனாவில் உலகம் முழுக்க மைதானங்கள் அடைத்துக் கிடந்த நாளில் இங்கே தேசியக் கோப்பை ஆட்டம், எதிரணி பாவ் டுக்கின் கியா லாய். ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. வாசலில் உடல்சூடு பார்த்து, கையில் கிருமிநாசினி தெளித்து உள்ளே விட்டார்களாம்.

2022 மே மாதக் கதை இன்னும் பிடித்தது. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்த மைதானத்துக்கு ஒதுக்கிய பிரிவில் வியட்நாமே கிடையாது. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், கம்போடியா, லாவோஸ். காலியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நாம் டின்காரர்கள் வந்து நிரப்பிவிட்டார்கள். லாவோஸுக்கும் கைதட்டல், கம்போடியாவுக்கும் கைதட்டல். யாருக்காகக் கத்தினீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன்.

"யார் தோத்துக்கிட்டு இருந்தாங்களோ அவங்களுக்கு."

பிறகு சோன் கதை. பிரேசிலிலிருந்து 2020-ல் இங்கே வந்த ரஃபேல்சன், வேறு இரண்டு அணிகளுக்குப் போய், 2023-ல் திரும்பி வந்து, 2023-24 சீசனில் 31 கோல் அடித்தார். வி-லீகில் அதுவரை யாரும் ஒரே சீசனில் அவ்வளவு அடித்ததில்லை. 39 வருஷக் காத்திருப்பு அந்தக் கால்களில் முடிந்தது. 2024-ல் குடியுரிமை வாங்கி நுயென் சுவான் சோன் ஆனார். பழைய பெயரின் வால் 'சன்', புதுப் பெயரின் முடிவில் 'சோன்' ஆக ஒட்டிக்கொண்டது. ஆசியான் போட்டியின் இறுதிச் சுற்றில் முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். 2025 ஜனவரி 5-ஆம் தேதி பாங்காக்கில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் கால் முறிந்தது. வியட்நாம் கோப்பையை வென்றது. அன்று இரவு ஊர் கொண்டாடவும் செய்தது, அழவும் செய்தது என்றார் அப்பா. மாணவி இதை மொழிபெயர்க்கும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது.

சாம்பியன் என்பதற்கு அவர்கள் சொல் 'வோ டிக்'. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால், எதிரி அற்றவன்.

திரும்பும் வழியில் வீ சுயென் ஏரிக்கரையில் நின்றோம். ஒரு பக்கம் மங்கோலியரை வென்ற தளபதி ட்ரான் ஹுங் டாவ் சிலையாக ஓங்கி நிற்கிறார். பூங்காவுக்குள் இன்னொரு பக்கம் கவிஞர் தூ சுவோங்கின் கல்லறை. தேர்வு தேர்வாக எழுதித் தோற்றவர். அடிமட்டப் பட்டமான 'தூ'வோடு நின்றுபோய், அதையே கேலியாகப் பெயரில் சுமந்தவர். பிரெஞ்சுக்காரர் காலத்து ஊரைக் கிண்டலடித்து எழுதி, 1907-ல் 36 வயதில் இறந்தார். அவர் வீட்டுப் பக்கம் ஓடிய ஆறு தூர்ந்து நிலமானதைப் பற்றிய அவர் கவிதை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். தளபதியைவிட இவர் எனக்கு நெருக்கமாகப் பட்டார். அப்பா ஊதுபத்தி கொளுத்தி வைத்தார், இரண்டு பேருக்கும்.

ஹாய் ஹாவ் கடற்கரை

ஞாயிற்றுக்கிழமை மாணவியின் அம்மா வழிப் பாட்டி வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். கடலோர ஹாய் ஹாவ். வழி நெடுக தேவாலயங்கள். புய் சூ மறைமாவட்டம் இது, வியட்நாமின் மிகப் பழைய கத்தோலிக்கப் பகுதிகளில் ஒன்று. நூறு வீட்டுக்கு ஒரு கோபுரம் என்று சொன்னாலும் மிகையில்லை. வயலின் பச்சைக்கு நடுவே அவ்வளவு உயரமான கோபுரங்களைப் பார்த்தால், மாயவரம் பக்கம் வயலுக்கு நடுவே திடீரென்று எழும் ராஜகோபுரங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது.

பாட்டி மதியம் நெம் நாம் வைத்தார். மெல்லிசாக அரிந்த பன்றி இறைச்சியையும் தோலையும் வறுத்த அரிசிப் பொடியில் பிசைந்து, உருண்டையாகப் பிடித்தது. அத்தி இலையில் சுருட்டி மீன்சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டும். வறுத்த அரிசியின் வாசனை வீட்டுக் கூரை வரை நின்றது. பிறகு பான் ஞான் என்ற சிறிய பொன்னிற உருண்டைகள், மொறுமொறுவென்று. பாட்டிக்கு என் பேச்சு ஒன்றும் புரியவில்லை. என் தட்டு காலியாவது மட்டும் புரிந்தது.

கடற்கரையில் இடிந்த தேவாலயம் ஒன்று தனியாக நிற்கிறது. கடல் கரையைத் தின்றுகொண்டே வந்ததால், மக்கள் உள்ளே தள்ளிப்போய் வேறு கட்டிக்கொண்டு 1996-ல் இதை விட்டுவிட்டார்கள். கூரை இல்லை. செங்கல் சுவர்களுக்குள் காற்று புகுந்து புறப்படுகிறது. புதுமணத் தம்பதிகள் படம் எடுக்க வருகிறார்கள். நாங்கள் போனபோது, அதன் நிழல் விழுந்த ஈர மணலில் ஏழெட்டுச் சிறுவர்கள் பந்து வைத்திருந்தார்கள். மாணவியின் மாமன் பிள்ளைகள் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கவில்லை. பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. செருப்புகளை வைத்து இரண்டு பக்கமும் கோல் குறித்தாகிவிட்டது, ஆளும் பிரித்தாகிவிட்டது. பின்னே என்ன சண்டை? மாணவி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு பக்கமும் நாம் டின்னாக இருக்க வேண்டுமாம். நின் பின்னாக இருக்க ஒருவனுக்கும் மனசில்லை. அடுத்து வந்த 2025-26 சீசனில் நின் பின் என்ற பெயரிலேயே ஒரு அணி முதல் பிரிவுக்கு ஏறி வர இருந்தது. ஒரே மாகாணத்துக்குள் இரண்டு அணி. பிள்ளைகள் அதற்குள் விஷயத்தைத் தெரிந்து வைத்திருந்தார்கள். நீங்கள் இப்போது நின் பின் மாகாணம்தானே என்று நான் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினேன். மாணவி மொழிபெயர்த்தாள். எட்டுப் பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. இருப்பதில் சின்னவனை, ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லி, நின் பின் பக்கம் அனுப்பினார்கள். அவனோடு இன்னும் இரண்டு பேர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஆள் குறைகிறதே? எட்டுப் பார்வைகளும் திரும்பி என் மேல் வந்து நின்றன.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, நின் பின் அணியின் கோல்கீப்பராகப் போய் நின்றேன். எத்தனை கோல் விட்டேன் என்பது அந்தக் கடற்கரைக்கு வெளியே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.